பூஞ்சை நச்சு செல்லுக்குள் போய் என்னதான் செய்கிறது?

கேள்வி இதுதான்: பூசணம் பிடித்த தானியத்தைச் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும் என்பது புரிகிறது. ஆனால் அது கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும் என்கிறார்களே, ஒரு பூஞ்சையின் நச்சு நம் செல்களையும் நொதிகளையும் எப்படிக் கெடுக்கிறது? நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடாதா?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சரியாகாது. வேகவைத்தால் பூஞ்சை செத்துவிடும், ஏனென்றால் அது உயிர். அது ஏற்கெனவே சுரந்து தானியத்துக்குள் விட்டுவிட்ட நச்சு உயிரல்ல, ஒரு சிறிய வேதிப்பொருள். அதைச் சாகடிக்க முடியாது, சிதைக்கத்தான் முடியும். அஃப்ளாடாக்சின் சிதைவதற்கு 250 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் வேண்டும். தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பாக்டீரியாக்கள் சுரக்கும் சில நச்சுகள் புரதங்கள். சூடுபட்டால் அவற்றின் மடிப்பு குலைந்து செயலிழந்துவிடும். பூஞ்சை நச்சில் குலைவதற்கு மடிப்பே கிடையாது. சில வளையங்கள், சில பிணைப்புகள், அவ்வளவுதான்.

இந்தச் சிறிய உருவம்தான் கதையின் மையம். அஃப்ளாடாக்சின் பி1-இன் மூலக்கூறு எடை 312. சாதாரணப் புரதம் ஒன்றின் எடை பல்லாயிரக்கணக்கில் இருக்கும். இவ்வளவு சிறியதாக இருப்பதால் குடல் சுவர் வழியாக இரத்தத்துக்குள் நுழைவதில் இதற்கு அதிகச் சிரமம் இல்லை. நோய் எதிர்ப்பு மண்டலமும் இதை அந்நியன் என்று கண்டுகொள்வதில்லை. இன்னொன்று, உடலின் நொதிகள் நாள் முழுக்கக் கையாளுகிற பொருள்களும் இதே அளவில் உள்ள சிறு மூலக்கூறுகள்தான். அமினோ அமிலங்கள், கொழுப்புத் துண்டுகள், சில ஹார்மோன்கள் எல்லாம் அப்படி. ஆகவே ஒரு பூஞ்சை நச்சு இவற்றில் ஏதோ ஒன்றின் சாயலில் அமைந்துவிட்டால், அந்தப் பொருளுக்கான நொதி ஏமாந்துபோகும்.

'பூஞ்சை நச்சுகள் செல்களைச் சேதப்படுத்தும்' என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் அடக்கி எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அமிலம் கொட்டியதுபோல இவை கண்டதையெல்லாம் அரிப்பதில்லை. ஒவ்வொன்றும் செல்லுக்குள் தனக்கென்று ஓர் இடத்தில் போய் உட்காருகிறது. எந்த இடம் என்பதைப் பொறுத்துத்தான் நோய் கல்லீரலிலா, சிறுநீரகத்திலா, எலும்பு மஜ்ஜையிலா என்பது முடிவாகிறது.

அதிகம் ஆராயப்பட்டது அஃப்ளாடாக்சின், அதிலிருந்து தொடங்கலாம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. காரணம் தெரியாமல் அதை 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றார்கள். தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில்தான் சிக்கல் என்பது பிறகு தெரியவந்தது. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் பெயரைச் சுருக்கித்தான் அஃப்ளாடாக்சின் என்று வைத்தார்கள். புறஊதா விளக்கின் அடியில் நீலமாக ஒளிர்ந்தவை பி1, பி2 என்றும் பச்சையாக ஒளிர்ந்தவை ஜி1, ஜி2 என்றும் பெயர் பெற்றன. பிறகு பாலில் கிடைத்தது எம்1. இவற்றில் பி1-தான் மிக மோசமானது.

இங்கே ஒரு வேடிக்கை. தானியத்தில் இருக்கும் அஃப்ளாடாக்சின் பி1 அந்த நிலையில் டிஎன்ஏவை ஒன்றும் செய்யாது. அதை ஆயுதமாக மாற்றுவது நம் கல்லீரல்தான். உடலுக்குள் வரும் அந்நியப் பொருள்களைத் தண்ணீரில் கரையும்படி மாற்றிச் சிறுநீரில் அனுப்புவது கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பத்தின் வேலை. மருந்து மாத்திரைகளையும் இவைதான் கையாளுகின்றன. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 3ஏ4, 1ஏ2 என்ற இரண்டும் பி1-ஐப் பிடித்து அதில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்க்கின்றன. ஆக்சிஜன் எந்த இடத்தில் சேருகிறது என்பதுதான் முக்கியம். ஓர் இடத்தில் சேர்ந்தால் கியூ1 என்ற பொருள் உண்டாகும், அதனால் பெரிய ஆபத்து இல்லை. மூலக்கூறின் ஓரத்தில் ஃபியூரான் வளையத்தில் இருக்கும் 8, 9 என்ற இரண்டு கார்பன்களின் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்தால் எபாக்சைடு உண்டாகும். இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த மூன்று முனை வளையம் அது. விறைப்பாக வளைந்து நிற்கும் அந்தப் பிணைப்பு எந்த நேரமும் திறந்துகொள்ளத் துடித்துக்கொண்டிருக்கும்.

தண்ணீரில் இந்த எபாக்சைடின் ஆயுள் ஏறக்குறைய ஒரு விநாடி. இவ்வளவு குறுகிய ஆயுள் கொண்ட ஒன்று இரத்தத்தில் பயணித்து வேறு உறுப்புக்குப் போய்ச் சேர முடியாது. எந்தச் செல்லில் உருவானதோ அந்தச் செல்லைத்தான் தாக்கும். கல்லீரலுக்கு ஏன் இந்தக் கதி என்று கேட்டால், அதைச் செய்யும் நொதி அங்கே நிறைந்திருப்பதுதான் காரணம்.

அந்த ஒரு விநாடிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். அஃப்ளாடாக்சின் தட்டையான மூலக்கூறு. டிஎன்ஏ ஏணியின் இரண்டு படிகளுக்கு நடுவே அது நழுவி உட்கார்ந்துகொள்கிறது. எபாக்சைடு வளையம் மூலக்கூறின் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், பக்கத்தில் உள்ள குவானின் என்ற எழுத்தின் ஏழாவது இடத்து நைட்ரஜன் அதற்கு நேர் எதிரே வந்துவிடும். நைட்ரஜன் தாக்க, வளையம் திறக்க, நிரந்தரமான பிணைப்பு உண்டாகிவிடும். அதே எபாக்சைடு மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வடிவமும் ஒன்று உண்டு. அதற்கு வாகான கோணம் கிடைக்காததால் டிஎன்ஏவுக்குக் கிட்டத்தட்ட ஒரு பாதிப்பும் இல்லை. அணுக்கள் அதேதான், எண்ணிக்கையும் அதேதான். பக்கம் மாறினால் விஷம் விஷமாக இருப்பதில்லை.

இப்படி ஒட்டிக்கொண்டபின் அந்தக் குவானினுக்கு இரண்டு வழிகள். ஒன்று, ஏணியிலிருந்து கழன்று விழுந்து சிறுநீரில் வெளியேறுவது. அஃப்ளாடாக்சின் ஒட்டிய குவானினைச் சிறுநீரில் அளந்துதான் ஒருவர் சமீபத்தில் எவ்வளவு நச்சு உண்டார் என்று கணிக்கிறார்கள். இன்னொன்று, குவானினின் ஒரு வளையம் திறந்து, கழலாத வேறொரு வடிவமாக மாறி டிஎன்ஏவிலேயே தங்கிவிடுவது. இரண்டாவதுதான் ஆபத்தானது. செல் பிரியும்போது டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி அந்த இடத்துக்கு வந்ததும் குழம்பி, ஜி (குவானின்) இருக்க வேண்டிய இடத்தில் டி (தைமின் என்ற வேறோர் எழுத்து) வரும்படி எழுதிவிடுகிறது.

ஓர் எழுத்து மாறுவதால் என்ன என்று தோன்றலாம். பி53 என்று ஒரு புரதம் இருக்கிறது. டிஎன்ஏ சேதமடைந்த செல் பெருகாமல் நிறுத்துவது, தேவைப்பட்டால் அந்தச் செல்லைச் சாக வைப்பது அதன் பொறுப்பு. அதன் மரபணுவில் 249-ஆவது இடத்தில் ஏஜிஜி என்று இருக்க வேண்டும், அது அர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்கான குறி. கடைசி ஜி மாறி ஏஜிடி ஆனால் அர்ஜினின் வரவேண்டிய இடத்தில் செரின் வந்து உட்காரும். அந்த அர்ஜினின் இல்லாவிட்டால் பி53 டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதி உருக்குலைந்துவிடுகிறது. 1991-இல் சீனாவின் சிதோங் பகுதியிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் கல்லீரல் புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்ந்த இரண்டு குழுக்கள், கட்டி கட்டியாக இதே 249-ஆவது இடத்தில் இதே மாற்றத்தைக் கண்டன. அஃப்ளாடாக்சின் அதிகம் இல்லாத நாடுகளின் கல்லீரல் புற்றுநோயில் இது அரிது. ஒரு நச்சு தன் கையெழுத்தை இவ்வளவு தெளிவாக விட்டுச்செல்வது புற்றுநோய் ஆய்வில் அடிக்கடி கிடைக்கிற விஷயம் இல்லை.

சரி, உடல் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? இருக்காது. எபாக்சைடு உருவான உடனேயே குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறை அதன்மீது ஒட்டிச் செயலிழக்கச் செய்யும் நொதிகள் செல்லில் உண்டு. இந்த நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதுதான் இனத்துக்கு இனம் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. சுண்டெலியிடம் இதன் மிகச் சுறுசுறுப்பான வடிவம் ஒன்று இருக்கிறது. அதனால் பெரிய எலியைப் புற்றுநோயில் தள்ளும் அளவு கொடுத்தாலும் வளர்ந்த சுண்டெலி அசராது. வான்கோழியும் வாத்துக்குஞ்சும் இதில் பலவீனம், அதனால்தான் 1960-இல் முதலில் விழுந்தவை அவை. மனிதக் கல்லீரலில் இந்த நொதி எபாக்சைடின் மீது காட்டும் வேகம் மெச்சிக்கொள்ளும்படி இல்லை. எலிக்கு எது நடந்தது என்பதை மட்டும் வைத்து மனிதனுக்கு என்ன ஆகும் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

டிஎன்ஏவில் சிக்காத எபாக்சைடு தண்ணீரோடு சேர்ந்து, அப்புறம் ஆல்டிஹைடு முனைகள் கொண்ட ஒரு பொருளாக மாறும். அது புரதங்களில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்கிறது. நொதிகளும் புரதங்கள்தானே, அவையும் தப்புவதில்லை. ஒரே வேளையில் நிறைய நச்சு உள்ளே போனால் செல்லில் ஆர்என்ஏ எழுதும் வேலையும் புரதம் கட்டும் வேலையும் சரிகின்றன, கல்லீரல் செல்களில் கொழுப்பு சேர்கிறது, செல்கள் சாகின்றன. இரத்தம் உறைவதற்கான புரதங்களைத் தயாரிப்பது கல்லீரல் என்பதால் அது நின்றுபோனால் உள்ளுக்குள் இரத்தம் கசியத் தொடங்கும். 2004-இல் கென்யாவில் ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளத்தால் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். மஞ்சள் காமாலையோடு கல்லீரல் செயலிழந்த மரணங்கள் அவை.

அஃப்ளாடாக்சினும் ஹெபடைட்டிஸ் பி வைரஸும் சேரும்போது கணக்கே மாறிவிடுகிறது. ஷாங்காயில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சிறுநீரில் அஃப்ளாடாக்சின் தடயம் மட்டும் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு 3 மடங்குக்குச் சற்று மேல், வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு, இரண்டும் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய 60 மடங்கு என்று வந்தது. வைரஸ் தொற்றிய கல்லீரலில் செல்கள் செத்துக்கொண்டும் புதிதாகப் பிறந்துகொண்டும் இருக்கும். டிஎன்ஏவில் ஒட்டிய நச்சைப் பழுதுநீக்கும் நொதிகள் வந்து அகற்றுவதற்குள் செல் பிரிந்துவிட்டால், தற்காலிகச் சேதம் நிரந்தர எழுத்துப்பிழையாகிவிடும்.

நொதியை ஏமாற்றும் நச்சுகளைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அதற்கு அழகான உதாரணம் ஃபியூமோனிசின். மக்காச்சோளத்தில் வளரும் ஃபியூசேரியம் பூஞ்சையிலிருந்து 1988-இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தது. இது நீளமான சங்கிலி வடிவம் கொண்டது, ஒரு முனையில் அமீன் தொகுதி இருக்கும். நம் செல் சவ்வுக்கான கொழுப்புகளைக் கட்டும்போது செல் பயன்படுத்தும் ஸ்பிங்கனின் என்ற பொருளும் அப்படியே இருக்கும். ஸ்பிங்கனினையும் ஒரு கொழுப்பு அமிலத்தையும் இணைப்பது செராமைடு சிந்தேஸ் என்ற நொதி. ஃபியூமோனிசினின் முதுகெலும்பு ஸ்பிங்கனின் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பக்கவாட்டில் அதற்கு இருக்கும் அமிலக் கிளைகள், கொழுப்பு அமிலம் வந்து சேர வேண்டிய இடத்தையும் அடைத்துக்கொள்கின்றன. ஒரே ஆள் இரண்டு இருக்கையையும் பிடித்துவிட்டால் நொதி என்ன செய்யும்?

விளைவு இரண்டு பக்கமும். செலவாகாத ஸ்பிங்கனின் குவிகிறது, அது அளவுக்கு மீறினால் செல்லுக்கே நஞ்சு. கிடைக்க வேண்டிய செராமைடும் அதிலிருந்து உருவாகும் சிக்கலான கொழுப்புகளும் குறைகின்றன. செல் சவ்வில் சில வாங்கிப் புரதங்கள் இந்தக் கொழுப்புகள் செறிந்த திட்டுகளில்தான் நிலைகொண்டிருக்கும். ஃபோலிக் அமிலத்தைச் செல்லுக்குள் இழுக்கும் வாங்கியும் அவற்றில் ஒன்று. திட்டு கலைந்தால் ஃபோலிக் அமிலம் உள்ளே போவது குறைகிறது. கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழல் மூடுவதற்கு அது கட்டாயம் தேவை. கருவுற்ற சுண்டெலிகளுக்கு ஃபியூமோனிசின் கொடுத்தபோது குட்டிகளுக்கு நரம்புக் குழல் குறைபாடு வந்தது. ஃபோலிக் அமிலம் கொடுத்தால் ஓரளவு குறைந்தது. குறைந்துபோன கொழுப்பு வகைகளில் ஒன்றையே கொடுத்தபோது இன்னும் நன்றாகக் குறைந்தது. காரணம் எங்கே இருக்கிறது என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது. 1990-91 வாக்கில் டெக்சாஸ்–மெக்சிகோ எல்லையில் இப்படிப்பட்ட குழந்தைகள் அதிகம் பிறந்தபோது ஃபியூமோனிசின் மீது சந்தேகம் விழுந்ததும் இதனால்தான். மனிதர்களிடம் அது சந்தேகம் என்ற அளவில்தான் நிற்கிறது, நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

அதே நச்சு, அதே நொதி, ஆனால் குதிரைக்கு மூளையின் வெள்ளைப் பகுதி கரைகிறது, பன்றிக்கு நுரையீரலில் நீர் கோக்கிறது, எலிக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் கெடுகின்றன.

ஓக்ராடாக்சின் ஏ இன்னொரு போலி. அதன் பாதி உடம்பு ஃபீனைலாலனின் என்ற அமினோ அமிலமேதான், மறுபாதியில் குளோரின் தாங்கிய வளையம் ஒன்று இணைந்திருக்கும். ஃபீனைலாலனினைப் புரதத் தொழிற்சாலைக்கு ஏற்றிவிடும் நொதி, நிஜத்துக்குப் பதில் இதைப் பிடித்துக்கொண்டு தடுமாறுகிறது. கூடுதலாக ஃபீனைலாலனின் கொடுத்தால் போலியை நிஜம் தள்ளிவிடும் என்பது விலங்குச் சோதனைகளில் தெரிந்தது. ஆனால் இந்த ஒரு நொதியோடு ஓக்ராடாக்சின் கதை முடிந்துவிடுவதில்லை. இரத்தத்தில் இது ஆல்புமின் என்ற புரதத்தோடு 99 சதவீதத்துக்கும் மேல் ஒட்டிக்கொண்டே திரிவதால் மனித உடலில் பாதியாகக் குறையவே 35 நாள் வரை ஆகும். சிறுநீரகக் குழாய்ச் செல்களில் கரிம அமிலங்களை உள்ளே இழுக்கும் கடத்திகள், கழிவு என்று எண்ணி இதையும் இழுத்துச் சேர்க்கின்றன. சேர்ந்த இடத்தில் செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பாதிக்கப்படுகிறது. பால்கன் நாடுகளின் கிராமங்களில் பரவியிருந்த ஒரு சிறுநீரக நோய்க்கு இதைத்தான் நீண்ட காலம் குற்றவாளியாக்கினார்கள். கோதுமையோடு கலந்துவிட்ட ஒரு களைச்செடியின் அரிஸ்டோலோகிக் அமிலம்தான் முக்கியக் காரணம் என்று இப்போது பெரும்பாலோர் ஏற்கிறார்கள். பழைய கட்டுரைகளைப் படித்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைகோதெசீன் வகை நச்சுகளுக்குக் கல்லீரலின் உதவி தேவையில்லை, அவை பூஞ்சையிலிருந்து வரும்போதே எபாக்சைடு வளையத்தோடு வருகின்றன. கோதுமையிலும் பார்லியிலும் வரும் டிஆக்சிநிவலெனால், அதைவிடக் கடுமையான டி-2 இரண்டும் இந்தக் குடும்பம். இவை போய் உட்காருவது செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில், அமினோ அமிலங்களை ஒன்றோடு ஒன்று பிணைக்கும் அந்த இடத்திலேயே. புரதம் கட்டுவது நின்றுபோகிறது. நின்றுபோன ரைபோசோமை உணரும் நொதி ஒன்று அபாய மணி அடிக்க, அழற்சிக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன, நச்சு அதிகமானால் செல் தற்கொலை செய்துகொள்கிறது. வேகமாகப் பிரியும் செல்களுக்குத்தான் இதில் முதல் அடி. குடலின் உள்வரிச் செல்கள், எலும்பு மஜ்ஜை, வெள்ளணுக்கள் எல்லாம் அந்த வகை. 1940-களில் சோவியத் யூனியனின் ஓரன்பர்க் பகுதியில் பனிக்கடியில் குளிர்காலம் முழுக்கக் கிடந்த தானியத்தை வசந்தத்தில் பொறுக்கிச் சாப்பிட்ட பலர் இறந்தார்கள். முதலில் வாயும் தொண்டையும் எரிந்தன. பிறகு சில வாரங்கள் தேறியதுபோலத் தெரிந்தது, ஆனால் அந்த வாரங்களில்தான் வெள்ளணுக்கள் சரிந்துகொண்டிருந்தன. கடைசியில் இரத்தப்போக்கும் தொற்றும் வந்தன.

மாட்டின் இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்கள் இந்த எபாக்சைடில் உள்ள ஆக்சிஜனைக் கழற்றிவிடுகின்றன. அதோடு நச்சின் பல் பிடுங்கப்பட்டுவிடும். பன்றிக்கு அந்த வசதி இல்லாததால் கொஞ்சம் டிஆக்சிநிவலெனால் போனாலே தீவனத்தைத் தொடாது. செடியும் தற்காத்துக்கொள்ளப் பார்க்கிறது, நச்சின்மேல் ஒரு குளுக்கோஸைக் கட்டி முடக்கிவைக்கிறது. அந்தத் தானியத்தை நாம் சாப்பிட்டால் நம் குடல் பாக்டீரியாக்கள் குளுக்கோஸை வெட்டி நச்சை மறுபடி விடுவித்துவிடுகின்றன. வழக்கமான பரிசோதனை இந்த மூடிய வடிவத்தைக் கணக்கில் எடுக்காமல் போகலாம்.

ஆற்றல் தயாரிக்கும் நொதிகளைக் குறிவைப்பவையும் உண்டு. பூஞ்சை பிடித்த கரும்பைத் தின்று சீனாவில் குழந்தைகள் பாதிக்கப்பட்டதற்குக் காரணம் 3-நைட்ரோபுரோபியோனிக் அமிலம். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி இதைச் சக்சினேட் என்று நம்பி வேலையைத் தொடங்கும். பாதியில் அது நொதியோடேயே பிணைந்துவிடும். பூட்டுக்குள் சாவி உடைந்து சிக்கிக்கொள்வது என்பார்களே, அதேதான். செல் புதிய நொதியைத் தயாரித்தால்தான் விடிவு. ஆற்றல் பசி மிகுந்த மூளையின் உட்பகுதி முதலில் சாகிறது, பிழைத்தவர்களில் சிலருக்குக் கைகால்கள் முறுக்கிக்கொள்ளும் கோளாறு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. மஞ்சளாகிப்போன அரிசியில் கண்டெடுத்த சிட்ரியோவிரிடின், செல்லின் எரிபொருளான ஏடிபியைத் தயாரிக்கும் நொதியையே தடுக்கிறது. அஃப்ளாடாக்சினோடு சேர்ந்து வருகிற சைக்ளோபியசோனிக் அமிலம் செல்லில் கால்சியத்தை இறைக்கும் நொதியை நிறுத்துகிறது. அழுகிய ஆப்பிளின் பாட்டுலின் கொஞ்சம் முரட்டுத்தனமானது, கந்தகத் தொகுதி எங்கே வெளியே தெரிந்தாலும் ஒட்டிக்கொள்ளும். பல நொதிகளின் வேலைசெய்யும் முனையே அந்தக் கந்தகம்தான். இதை 1940-களில் சளிக்கு மருந்தாகச் சோதித்துப் பார்த்தார்கள் என்பது உபரித் தகவல்.

'எல்லாம் ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். பொய்யில்லை. ஆனால் பெரும்பாலும் அது பின்விளைவு. மைட்டோகாண்ட்ரியா தடுமாறினாலும் குளூட்டாதயோன் தீர்ந்தாலும் செல்லில் ஆக்சிஜன் கழிவுகள் கூடத்தான் செய்யும். முதல் அடி எங்கே விழுந்தது என்று சொல்லாமல் இதை மட்டும் சொன்னால், எந்த நச்சைப் பற்றியும் ஒன்றும் சொன்னதாகாது.

நடைமுறைக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியும் பூசணத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். ரொட்டி, மென்மையான பழம், ஜாம் போன்றவற்றில் கூடாது. பூஞ்சையின் இழைகளும் நச்சும் ஈரத்தின் வழியே உள்ளே பரவியிருக்கும். கெட்டியான பாலாடைக்கட்டியில் பூசணத்தைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி நீக்கினால் பரவாயில்லை. நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் சுருங்கிய, நிறம் மாறிய, பூச்சி துளைத்த மணிகளைப் பொறுக்கி எறிவது உண்மையிலேயே பலன் தரும், ஏனென்றால் ஒரு குவியலின் நச்சில் பெரும்பகுதி சில மணிகளில் குவிந்திருக்கும். அதே காரணத்தால் மாதிரி எடுத்துச் சோதிப்பவர்களுக்குத் தலைவலி, அந்தச் சில மணிகள் கையில் சிக்காவிட்டால் முழு மூட்டையும் சுத்தம் என்று முடிவு வந்துவிடும். மறுபக்கம், பூசணம் தெரியாததால் நச்சு இல்லை என்றும் சொல்ல முடியாது. பூஞ்சை காய்ந்து உதிர்ந்தபின்னும் அது விட்டுச்சென்றது அங்கேயே இருக்கும். ஒருவேளை தெரியாமல் ஒரு துண்டைத் தின்றுவிட்டதற்காகப் பதற வேண்டாம். எல்லாப் பூஞ்சையும் நச்சு சுரப்பதில்லை, அஃப்ளாடாக்சினின் புற்றுநோய் ஆபத்து மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சேருவது.

கறவை மாடு தின்ற பி1-இல் ஒன்றிரண்டு சதவீதம் எம்1-ஆகப் பாலில் வரும். கொதிக்கவைத்தாலும் பாஸ்டரைஸ் செய்தாலும் அது குறையாது. கெட்ட தீவனத்தை நிறுத்திய சில நாள்களில் பால் தெளிந்துவிடும். அதனால் பாலைக் காப்பாற்ற வேண்டுமானால் கை வைக்க வேண்டிய இடம் தீவனம்தான்.

இதை முறிக்க ஏதாவது உண்டா என்றால், கால்நடைத் தீவனத்தில் பெண்டோனைட் போன்ற களிமண்ணைக் கலப்பார்கள். தட்டையான அஃப்ளாடாக்சின் அந்தக் களிமண்ணின் அடுக்குகளுக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டு சாணத்தோடு போய்விடும். டிஆக்சிநிவலெனாலுக்கு அந்த வடிவம் இல்லாததால் அதே களிமண் அங்கே பெரிதாக உதவாது. மனிதர்களிடம் சிதோங்கில் ஒரு சோதனை நடந்தது. 180 பேரில் ஒரு பாதிக்கு குளோரோஃபிலின் என்ற பச்சையப் பொருளை நாளைக்கு மூன்று வேளை, 100 மில்லிகிராம் வீதம் நான்கு மாதம் கொடுத்தார்கள். மறுபாதிக்குப் போலி மாத்திரை. குளோரோஃபிலின் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் அஃப்ளாடாக்சின் ஒட்டிய குவானின் 55 சதவீதம் குறைவாக இருந்தது. அதுவும் குடலிலேயே நச்சைக் கட்டிப்போட்டு உள்ளே போகவிடாமல் செய்கிறது என்றுதான் கருதுகிறார்கள்.

ஆனால் அதே சிதோங்கில் கல்லீரல் புற்றுநோய் மரணங்கள் உண்மையில் சரிந்தது மாத்திரையால் அல்ல. 1980-களில் அங்கே மக்கள் மக்காச்சோளத்திலிருந்து அரிசிக்கு மாறினார்கள், இரத்தத்தில் அஃப்ளாடாக்சின் அளவு ஆண்டுக்காண்டு இறங்கியது. பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான் என்றாலும், அந்தக் குழந்தைகள் புற்றுநோய் வரும் வயதை எட்டுவதற்கு முன்பே நடுத்தர வயதினரிடம் மரணங்கள் குறைந்துவிட்டன.